சன்னலில் நின்ற மோலி

தொலைக்காட்சித் தொடரில் நேற்றுவரை அண்ணனாக நடித்தவர் இன்று காணாமற்போவதும், அவர் இடத்தில் வேறொருவர் வந்து அதே பெயரில், அதே வீட்டில், அதே தாயிடம் காப்பி கேட்பதும், திரையின் அடியில் இனி இவருக்குப் பதில் இவர் என்று ஒரு வரி தோன்றி மறைவதும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிப்போன காட்சி. அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று நாம் கேட்பதில்லை. சம்பளத் தகராறு இருக்கலாம். திரைப்பட வாய்ப்பு வந்திருக்கலாம். நமக்கென்ன என்று விட்டுவிடுகிறோம். ஒரு தொடரில் ஒரு கணவன் மாறியதற்குப் பின்னால் ஒரு நாட்டின் அச்சமே ஒளிந்திருந்தது. அந்தத் தொடரைப் படைத்த அம்மையாரின் வாழ்க்கையையே இங்கு எழுத முற்படுகிறேன்.

அவர் பெயர் கெர்ட்ரூட் பெர்க். அமெரிக்காவில் ஒரு காலத்தில் அவர் முகத்தை அறியாதவர் குறைவு. குரலை அறியாதவர் அதனினும் குறைவு. இன்றோ, பழைய தொடர்கள் என்றதும் எல்லாரும் லூசில் பால் அம்மையாரைச் சொல்கிறார்களேயன்றி, அவருக்கு முன்பே அந்தப் பாதையை வெட்டியவரைச் சொல்வதில்லை.

1899-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் நியூயார்க் நகரின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டில்லி எடெல்ஸ்டீன். (தலைநகரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் நம் மாணவர்கள் சிரிக்க வேண்டா, பெயர் பெயர்தான்.) தந்தையார் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் பிளைஷ்மன்ஸ் என்னும் ஊரில் கோடைக்கால விடுதி ஒன்றை நடத்தி வந்தார். நகரத்தின் புழுக்கம் தாங்காமல் வரும் யூதக் குடும்பங்கள் அங்கே தங்கும். மழை பெய்தால் விருந்தினருக்குப் பொழுது போகாது. பொழுது போகாத விருந்தினர் ஊருக்குத் திரும்பிவிடுவர். திரும்பினால் விடுதிக்கு நட்டம். ஆகவே, மழை நாள்களில் அவர்களைப் பிடித்து வைக்கும் பொறுப்பு இளம்பெண் டில்லியின் தலையில் விழுந்தது. சிறுசிறு நாடகங்களை எழுதி, தாமே நடித்து, விருந்தினரையும் நடிக்க வைத்தார். அந்த நாடகங்களில் நடுவயதுத் தாய் ஒருத்தி அடிக்கடி வந்து போனாள். பின்னாளில் நாடே அறிந்த மோலிக்கு அவளே மூதாதை எனலாம்.

1918-இல் லூயிஸ் பெர்க் என்பவரை மணந்தார். அவர் ஒரு வேதியியல் பொறியாளர்; சர்க்கரை ஆலைத் தொழில் நுட்பத்தில் வல்லவர். வேதியியல் பயிலும் எனக்கு இந்தச் செய்தியில் தனி மகிழ்ச்சி உண்டென்பதை மறைப்பானேன்? கணவரின் வேலை நிமித்தம் லூசியானாவின் கரும்புத் தோட்டப் பகுதியில் சில ஆண்டுகள் வாழ்ந்து, பிறகு நியூயார்க் திரும்பினர். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். அம்மையாரின் கையோ பேனாவை விடவில்லை.

அக்காலத்தில் வானொலி குழந்தைப் பருவத்தில் இருந்தது. கடையில் வேலை செய்யும் இரு பெண்களைப் பற்றி அவர் எழுதிய முதல் தொடர் ஒரே நாளில் நிறுத்தப்பட்டது. மனம் தளராமல் இரண்டாவதாக ஒன்றை எழுதினார். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் ஏழை யூதக் குடும்பம். தாய் மோலி, தையல் தொழில் செய்யும் தந்தை ஜேக், மகன் சாமி, மகள் ரோசலி, கூடவே டேவிட் மாமா. அவ்வளவுதான் கதை. கையெழுத்துப் படியை எடுத்துக்கொண்டு என்.பி.சி. நிறுவன அதிகாரியிடம் போனார். அந்தக் கையெழுத்தைப் படிக்க முடியாமல் அதிகாரி அவரையே வாசித்துக் காட்டச் சொன்னார் என்றும், கேட்டு முடித்ததும் மோலியாக நடிக்க வேறு ஆள் தேட வேண்டியதில்லை என்று முடிவு செய்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. படிக்க முடியாமல் வேண்டுமென்றே எழுதினாரோ என்று எனக்கு ஓர் ஐயம்.

1929-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் அத்தொடர் ஒலிக்கத் தொடங்கியது. நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து மூன்று வாரமே ஆகியிருந்த நேரம். வாரம் 75 டாலர் ஊதியம். நடிகர்களுக்கும் அதிலிருந்தே அவர் கொடுக்க வேண்டும். வேலை இழந்தவர்களும் வீட்டு வாடகை கட்ட வழியற்றவர்களும் நிறைந்திருந்த நாட்டில், அரைக்காசு செலவில்லாமல் வீட்டுக்குள் வந்த இந்த ஏழைக் குடும்பத்தை மக்கள் தம் உறவினராகவே ஏற்றுக்கொண்டனர். 1931-இல் பெப்சோடென்ட் பற்பசைக்காரர்கள் விளம்பரப் பொறுப்பை ஏற்றனர். வாரம் ஒருமுறை வந்தது நாள்தோறும் வரத் தொடங்கியது. இடையில் ஓரிரு ஆண்டு நின்றது. பின்னர் சோப்பு விற்கும் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தின் ஆதரவில் பகல் நேரத்துக்கு மாறி, வீட்டில் இருக்கும் தாய்மார்களைத் தேடிப் போயிற்று. 1945-இல் வானொலித் தொடர் முடியும்வரை எழுத்தும் நடிப்பும் அவருடையவையே. முட்டை உடைக்கும் காட்சி வந்தால் ஒலிக்கூடத்தில் உண்மையான முட்டையையே உடைப்பார். மேசைத் தட்டை வேறொரு பொருளால் தட்டி ஏமாற்றுவது அவருக்குப் பிடிக்காது.

மோலியின் ஆங்கிலம் தனிவகை. இத்திஷ் மொழியின் வாக்கிய அமைப்பில் ஆங்கிலச் சொற்களை வரிசைப்படுத்திப் பேசுவாள். பழமொழிகளைத் திரித்துச் சொல்வாள். ஒலி ஒத்த வேறு சொல்லைத் தவறான இடத்தில் போடுவாள். சிரிப்பு வரும், ஆனால் ஏளனம் வராது. காரணம், வீட்டில் எவருக்கு என்ன துன்பம் என்பதை முதலில் அறிபவள் அவளே. எங்கள் வீட்டில் என் அம்மா காய்கறிக்காரரிடம் இந்தி பேசுவதை நான் இருபது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ஆண்பால் பெண்பால் எல்லாம் ஒன்றாகிவிடும். வினைச்சொல் தமிழ் மரபில் வந்து நிற்கும். ஆயினும் கத்தரிக்காய் சரியான விலைக்கே வரும். ஆகவே மோலியைப் புரிந்துகொள்ள எனக்கு அமெரிக்க வரலாறு தேவைப்படவில்லை. வியப்பு என்னவெனில், பெர்க் அம்மையார் தம் சொந்த வாழ்வில் அப்படிப் பேசுபவரே அல்லர். பார்க் அவென்யூ என்னும் செல்வர் தெருவில் வாழ்ந்து, பிசிறற்ற ஆங்கிலம் பேசியவர். வீட்டை விட்டு வந்து ஒலிவாங்கி முன் நின்றதும் பிராங்க்ஸ் தாயாக மாறிவிடுவார்.

அவர் அரசியல் பேசியதில்லை. எனினும் 1939-இல், ஜெர்மனியில் யூதர் கடைகள் நொறுக்கப்பட்டுச் சில மாதங்களே ஆன நிலையில், மோலி குடும்பம் பாஸ்கா விருந்துக்கு அமர்ந்திருக்கும்போது சன்னலை உடைத்துக்கொண்டு ஒரு கல் வந்து விழுவதாக ஒரு நாடகம் எழுதினார். பற்பசையும் சோப்பும் விற்கும் மேடையில் அது சிறிய துணிவன்று.

நிற்க. 1948-இல் மோலி பிராட்வே நாடக மேடை ஏறினாள். வானொலியில் ஜேக்காகக் குரல் கொடுத்து வந்த ஜேம்ஸ் வாட்டர்ஸ் 1945-இல் மறைந்துவிட்டார். மேடையில் ஜேக்காக வந்தவர் பிலிப் லோப். 1891-இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். அனுபவம் நிறைந்த நாடகக்காரர். நடிகர் சங்கத்தின் ஆட்சிக்குழுவில் இருந்து, ஒத்திகை நாள்களுக்கும் நடிகர்களுக்கு ஊதியம் வேண்டும் என்று போராடியவர். அதற்கு முன் ஒத்திகை என்பது இலவச உழைப்பு. முதலாளிகளுக்கு அவரைப் பிடிக்காமற்போனதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டுமோ?

1949 சனவரியில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடர் தொடங்கியது. மோலி தன் குடியிருப்பின் சன்னலில் சாய்ந்து நின்று நேராக நம்மைப் பார்த்துப் பேசுவாள். வீட்டுக் கதையைப் போலவே சாங்கா காப்பியின் பெருமையையும் பேசுவாள். பேச்சு முடிந்து அவள் திரும்பியதும் கதை தொடங்கும். விளம்பரத்தையும் நாடகத்தையும் இவ்வளவு நயமாகத் தைத்தவர் இன்றுவரை குறைவு. ஏப்ரலிலிருந்து திங்கட்கிழமை இரவு 9.30 மணி அவர்களுடைய நேரமாயிற்று. லோப் ஜேக்காக நடித்தார். இருவரும் உண்மையான கணவன் மனைவியென்றே பலர் நினைத்தனர். 1950-இல் திரைப்படமும் வந்தது. 1951 சனவரியில் சிறந்த நடிகைக்கான எம்மி விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் கெர்ட்ரூட் பெர்க்.

ஆனால் அதற்கு முன்பே இடி விழுந்துவிட்டது. 1950 சூனில் ரெட் சேனல்ஸ் என்றொரு சிறு நூல் வெளிவந்தது. வானொலி, தொலைக்காட்சித் துறையில் பொதுவுடைமைச் சார்பினர் என்று 151 பேரின் பெயர்களை அது அடுக்கியது. வழக்கு இல்லை, விசாரணை இல்லை, சாட்சி இல்லை. எந்தக் கூட்டத்தில் பெயர் இருந்தது, எந்த விண்ணப்பத்தில் கையொப்பம் இருந்தது என்ற பட்டியல் மட்டுமே. அதில் பிலிப் லோபின் பெயரும் இருந்தது. ஆகஸ்டு மாதமே ஆல்ட்ரிச் குடும்பம் என்ற தொடரில் தாயாக நடிக்கவிருந்த ஜீன் மியூர் அம்மையார் நீக்கப்பட்டார். (அத்தொடர் நடிகரை மாற்றுவதில் பேர்போனது. 1949 முதல் 1953 வரை அதன் நாயகச் சிறுவனாக ஐந்து பேர் வந்து போயினர். அதைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை.) அதன் விளம்பரதாரர் ஜெனரல் புட்ஸ் நிறுவனம். சாங்கா காப்பியும் அந்நிறுவனத்துடையதே.

லோபை விலக்குமாறு பெர்க் அம்மையாரிடம் கூறப்பட்டது. அவர் மறுத்தார். தொடரின் உரிமை அவர் கையில் இருந்தது. எழுதுபவரும் நடிப்பவரும் அவரே. ஆதலால் மறுக்கும் வலிமை அவருக்கு இருந்தது. வற்புறுத்தினால் நாடெங்கும் மேடையேறி அவர்கள் பண்டங்களை வாங்க வேண்டாமென்று சொல்வேன் என்று எச்சரித்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. நிறுவனம் பின்வாங்கியது, ஓராண்டு ஓடிற்று. 1951-இல் ஜெனரல் புட்ஸ் ஆதரவை விலக்கிக்கொண்டது. சூன் மாதத்தோடு சி.பி.எஸ். தொடரை நிறுத்தியது. எம்மி விருது கிடைத்து ஆறு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 15-ஆம் நாள் அதே சி.பி.எஸ்.-இல், அதே திங்கட்கிழமை இரவில், 9 மணிக்கு ஐ லவ் லூசி தொடங்கியது. அதன்பின் நடந்ததை உலகமறியும்.

என்.பி.சி. மோலியை ஏற்க முன்வந்தது. ஆனால் லோப் இருக்கும்வரை விளம்பரதாரர் எவரும் வரவில்லை. மாதங்கள் கழிந்தன. மற்ற நடிகர்கள், மேடைப் பணியாளர்கள் அனைவருக்கும் வேலையில்லை. 1952 தொடக்கத்தில் ஒரு தொகைக்கு இசைந்து லோப் விலகினார். பிப்ரவரியில் தொடர் என்.பி.சி.-இல் திரும்பி வந்தது: திங்கள், புதன், வெள்ளி இரவு 7.15 மணிக்கு, கால் மணி நேரம் மட்டும். ஜேக்காக ஹரால்டு ஸ்டோன் வந்தார். 1953 கோடையில் வெள்ளி 8 மணி. ஜேக் ராபர்ட் ஹாரிஸ். 1954 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை டூமான்ட் என்னும் நலிந்த நிறுவனத்தில், செவ்வாய் 8 மணி. 1955-இல் ஒளிப்படச் சுருளில் எடுத்து ஊர்ஊராக விற்கப்பட்ட கடைசி வடிவத்தில் குடும்பம் பிராங்க்சை விட்டு ஹேவர்வில் என்ற கற்பனைப் புறநகருக்கே குடிபெயர்ந்துவிட்டது. நிறுவனம் மூன்று, நேரம் பல, கணவர் மூவர். சன்னலில் நின்றவள் மட்டும் ஒருத்தியே. புறநகர் வீட்டிலோ, எட்டிப் பார்த்து அண்டை வீட்டாரைக் கூப்பிட அந்தப் பழைய சன்னலும் இல்லை.

லூசில் பாலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவர் 1936-இல் பொதுவுடைமைக் கட்சி வாக்காளராகத் தம் பெயரைப் பதிவு செய்தவர். தாத்தாவை மகிழ்விக்கவே அப்படிச் செய்ததாகப் பின்னர் விளக்கினார். 1953 செப்டம்பரில் அது வெளியே வந்தது. கையெழுத்தே சான்றாக இருந்தது. ஆயினும் சி.பி.எஸ்.-உம் சிகரெட்டு விற்ற பிலிப் மாரிஸ் நிறுவனமும் அவரோடு நின்றன. ஒரு வாரத்தில் புயல் அடங்கிற்று. அவ்வாண்டு சனவரியில் லூசிக்குக் குழந்தை பிறந்த பகுதியை 4 கோடியே 40 லட்சம் மக்கள் பார்த்திருந்தனர். அத்தனை கண்களை இழக்க எந்த வணிகனுக்கு மனம் வரும்? லோபோ, 1952-இல் அமெரிக்க மேலவையின் துணைக்குழு முன் தாம் பொதுவுடைமைக் கட்சியினர் அல்லர் என்று உறுதி கூறியவர். ஒருவரிடம் ஆவணம் இருந்தும் ஒன்றும் நேரவில்லை; மற்றவரிடம் வதந்தியே போதுமானதாயிற்று. குற்றம் எடைபோடப்படவில்லை, சந்தை மதிப்பே எடைபோடப்பட்டது என்று நான் கருதுகிறேன்.

இது தொலைதூர நாட்டுக் கதை என்று தோன்றலாம். நம் மாணவர் நாடகம் ஒன்றுக்குப் பணம் தர இசைந்த புரவலர் ஒருவர், நடிக்கும் மாணவன் ஒருவனின் பெயர் அழைப்பிதழில் வேண்டாம் என்று காரணம் சொல்லாமலே கூறியது எனக்கு நினைவிருக்கிறது. பணத்தை வேண்டாமென்றோம், நாடகம் ஒளியமைப்பின்றி நடந்தது. எங்களுக்குப் போனது சில விளக்குகள். பெர்க் அம்மையாருக்குப் போக இருந்தது இருபதாண்டு உழைப்பும், தம்மை நம்பியவர்களின் பிழைப்பும். ஆகவே அவர் ஏன் இறுதிவரை நிற்கவில்லை என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நின்றார். அக்காலத்தில் அவ்வளவு நாள் நின்ற தயாரிப்பாளர் பலரை நான் படித்த நூல்களில் காணவில்லை. அதேவேளையில், லோப் இல்லாத தொடர் பழைய களையை இழந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எஞ்சியுள்ள பகுதிகளை அடுத்தடுத்துப் பார்த்தவர்க்கு இது விளங்கும். ஸ்டோனும் ஹாரிசும் திறமை குன்றியவர்கள் அல்லர். ஆனால் லோப் கோபப்படும்போது மோலிமேல் கொண்ட அன்பு கோபத்துக்குள்ளேயே தெரியும். அது எழுத்தில் இல்லாதது. எழுதித் தரவும் முடியாதது.

எஞ்சியுள்ள பகுதிகள் என்றேன். அறிவியல் மாணவன் என்ற முறையில் அதைச் சற்று விளக்க வேண்டும். அன்று நியூயார்க்கில் நாடகம் நேரலையாக நடிக்கப்பட்டு அப்போதே ஒளிபரப்பாகும். காட்சியைப் பதிவு செய்யும் காந்த நாடா 1956-இல்தான் வந்தது. அதற்கு முன், ஒளிரும் திரைக்கு எதிரே ஒரு படப்பிடிப்புக் கருவியை வைத்துத் திரையையே படமெடுப்பர். கினெஸ்கோப் என்பது இதுவே. நிழலின் நிழல் போன்று மங்கலாக இருக்கும். கடற்கரைக்குக் கடற்கரை கம்பியில்லா இணைப்பு 1951 செப்டம்பரில்தான் ஏற்பட்டது. அதற்கு முன் மேற்குக் கரை மக்கள் இந்த மங்கல் படத்தையே சில நாள் கழித்துப் பார்த்தனர். ஐ லவ் லூசி குழுவினரோ ஹாலிவுட்டிலேயே தங்கி, மூன்று கருவிகள் கொண்டு 35 மில்லிமீட்டர் திரைப்படச் சுருளில் எடுத்தனர். படம் கண்ணாடி போல் தெளிவாக நிலைத்தது. மீண்டும் மீண்டும் ஒளிபரப்ப முடிந்தது. ஒருத்தி நினைவில் நின்றதற்கும் ஒருத்தி மறைந்ததற்கும் நகைச்சுவைத் திறன் மட்டும் காரணமன்று. வெள்ளி உப்பும் காரணம்.

பிலிப் லோபுக்கு அதன்பின் நல்வாழ்வு வாய்க்கவில்லை. தொலைக்காட்சியும் திரைப்படமும் கதவடைத்தன. நோயுற்ற மகனின் மருத்துவச் செலவு தலைக்குமேல் இருந்தது. 1955-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் நியூயார்க்கின் டாப்ட் விடுதி அறை ஒன்றில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 64. மோலியின் தொலைக்காட்சி வாழ்வும் அடுத்த ஆண்டோடு முடிந்தது.

பெர்க் அம்மையார் நாடக மேடைக்குத் திரும்பினார். 1959-இல் எ மெஜாரிட்டி ஆப் ஒன் என்ற நாடகத்தில், போரில் மகனை இழந்து, பின் ஒரு சப்பானிய வணிகரோடு நட்புக் கொள்ளும் யூதக் கைம்பெண்ணாக நடித்து டோனி விருது பெற்றார். அந்நாடகம் 1961-இல் படமானபோது அவருடைய பாத்திரம் ரோசலிண்ட் ரசலுக்குப் போயிற்று. இவருக்குப் பதில் இவர் என்ற வரி இம்முறை அவரையே தேடி வந்தது. அதே ஆண்டு, முதுமையில் கல்லூரியில் சேரும் கைம்பெண்ணாக ஒரு புதிய தொடரில் நடித்தார். நடுவழியில் தொடரின் பெயரை மாற்றிப் பார்த்தனர்; புதன்கிழமையிலிருந்து வியாழக்கிழமைக்கு நகர்த்திப் பார்த்தனர்; 26 பகுதிகளோடு முடிந்தது. பெயரையும் கிழமையையும் ஒருசேர மாற்றினால் நோயாளி பிழைப்பதரிது என்பது தொலைக்காட்சி மருத்துவம்.

1966-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் அவர் நியூயார்க்கில் காலமானார். பத்தாண்டு கழித்து, 1976-இல், தி பிரண்ட் என்ற திரைப்படம் வந்தது. வேலை பறிக்கப்பட்டு விடுதி அறையில் உயிரை விடும் நகைச்சுவை நடிகராக அதில் நடித்தவர் சீரோ மாஸ்டெல். லோபின் நண்பர், தாமும் அதே பட்டியலால் ஒதுக்கப்பட்டவர். படத்தின் இறுதியில் இயக்குநர், எழுத்தாளர், நடிகர் பெயர்களோடு அவரவர் ஒதுக்கப்பட்ட ஆண்டும் எழுத்தில் வருகிறது. பெர்க் அம்மையாரின் கையெழுத்துப் படிகளும் கடிதங்களும் சிரக்யூஸ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. அவர் அடக்கம் செய்யப்பட்டது, மழை நாளில் விருந்தினரை ஊர் திரும்பவிடாமல் நாடகம் போட்ட அந்தப் பிளைஷ்மன்ஸ் ஊரின் அருகே.